ஜிப்புக்கும் டாருக்கும் ஒரே ஏபிஐ போதுமா?

ஜிப், டார் இரண்டுமே பல கோப்புகளைச் சேர்த்துக் கட்டிய மூட்டைதானே, இரண்டுக்கும் ஒரே ஏபிஐ (மற்ற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் ஃபங்ஷன்களின் தொகுப்பு) எழுதிவிடலாம் என்று உட்காருவதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள்.

ஜிப்பில் உள்ளே இருப்பவற்றின் பட்டியல் கோப்பின் கடைசியில் இருக்கும். அதைப் படித்துவிட்டால் வேண்டிய கோப்புக்கு நேரே தாவலாம். டாரில் பட்டியலே கிடையாது. பெயரும் அளவும் சொல்லும் 512 பைட் தலைப்பு, பிறகு கோப்பு, மறுபடி தலைப்பு என்று வரிசையாகத்தான் நடக்க வேண்டும். அதற்கு மேல் முழு மூட்டையையும் சுருக்கும் ஜிஜிப்பும் சுற்றியிருந்தால், கடைசிக் கோப்பை எடுக்க முதலிலிருந்து எல்லாவற்றையும் விரிக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் ‘பெயரைக் கொடு, கோப்பை வாங்கிக்கொள்’ என்று ஒரே ஃபங்ஷனைக் கொடுத்தால், பயன்படுத்துபவர் அதை லூப்புக்குள் போடத்தான் செய்வார். ஆயிரம் கோப்புக்கு ஆயிரம் முறை விரிப்பு! அவர்மேல் தப்பில்லை, செலவை மறைத்தது நாம்.

ஜாவாவில் நேரே தாவ ஜிப்ஃபைல், வரிசையாகப் படிக்க ஜிப்இன்புட்ஸ்ட்ரீம் என்று இரண்டு கிளாஸ்கள் இருப்பது இதனால்தான். ஸ்ட்ரீமாகப் படிக்கும்போது கோப்பின் அளவு சில சமயம் தரவுக்குப் பின்னால்தான் வரும். அளவு கேட்டால் -1 கிடைக்கும். ‘இன்னும் தெரியாது’ என்று சொல்ல உங்கள் ஏபிஐயிலும் இடம் இருக்கட்டும்.

எழுதும் பக்கத்தில் வேறு தொல்லை. ஜிப்பின் பட்டியல் க்ளோஸ் செய்யும்போதுதான் எழுதப்படுகிறது. அந்த நேரம் பார்த்து டிஸ்க் நிரம்பினால்? க்ளோஸை டிஸ்ட்ரக்டரிடம் (ஆப்ஜெக்ட் அழியும்போது தானாக ஓடும் ஃபங்ஷன்) விட்டு, பிழையை அங்கேயே விழுங்கிவிட்டால், திறக்க முடியாத கோப்பு ஒன்று சத்தமில்லாமல் உருவாகியிருக்கும்.

அடுத்தது, உள்ளே இருக்கும் பெயர்களை அப்படியே நம்புவது. இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் கொண்டு தொடங்கும் பெயர், நீங்கள் சொன்ன ஃபோல்டருக்கு வெளியே போய் எழுதிவிடும். பைத்தானின் டார்ஃபைல் மாட்யூலில் இந்த ஓட்டை 2007லேயே பதிவானது. தடுக்கும் ஃபில்டர் 2023இல் 3.12 பதிப்போடு வந்தது. அதுவே இயல்புநிலை ஆக 3.14 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆவணத்தில் எச்சரிக்கை எழுதி வைத்தால் யார் படிக்கிறார்கள்? பாதுகாப்பானது தானாக நடக்கட்டும், ஆபத்தானதைக் கேட்டு வாங்கட்டும்.

விரிவின் அளவுக்கும் ஒரு வரம்பு வேண்டும். 42.ஜிப் என்ற பிரபலமான கோப்பு வெறும் 42 கிலோபைட்தான். அடுக்கடுக்காக முழுவதும் விரித்தால் சுமார் 4.5 பெட்டாபைட். தலைப்பில் சொல்லியிருக்கும் அளவைப் பார்த்து வரம்பு வைப்பது வீண், பொய் எழுதுவது சுலபம். உண்மையில் வெளியே வரும் பைட்டுகளை எண்ணுங்கள்.

தமிழில் பெயர் வைத்த கோப்புகள் ஜிப்புக்குள்ளிருந்து கிறுக்கலாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். யுடிஎஃப்-8 என்று காட்டும் ஒரு பிட் இல்லாவிட்டால், பல லைப்ரரிகள் பழைய டாஸ் காலத்து 437 குறியீட்டில் படித்துவிடும். மாற்றிய பெயரோடு மூல பைட்டுகளையும் கொடுங்கள்.

அப்புறம், 4 ஜிபியைத் தாண்டினால் ஜிப்64 என்ற விரிவாக்கிய வடிவம் வேண்டும். அளவை 32 பிட்டில் வைக்காதீர்கள். டெஸ்ட்டில் கோப்பின் நேரம் ஒரு விநாடி இடித்தால் பக்கைத் தேடி அலையவும் வேண்டாம். ஜிப்பின் அடிப்படை நேரக் குறிப்பு இரண்டிரண்டு விநாடியாகத்தான் நகரும்.