செப்சிஸ் ஆராய்ச்சில சேரணுமா? கையெழுத்து போடறதுக்கு முன்னாடி தெரிஞ்சிக்க வேண்டியது

அம்மாவுக்கு சாதாரண யூரின் இன்ஃபெக்ஷனாதான் ஆரம்பிச்சுது. ரெண்டாம் நாள் ராத்திரி உடம்பு தூக்கித் தூக்கிப் போடற அளவுக்கு குளிர், பேச்சு குழறுது, என்னையே யாருன்னு கேக்குறாங்க, விடியறதுக்குள்ள ஐசியூ. செப்சிஸ்னு சொன்னாங்க, அந்த வார்த்தையையே அன்னிக்குதான் முதல் தடவை கேள்விப்படறேன். கொஞ்ச நேரத்துல ஒரு டாக்டர் வந்து, இங்க ஒரு ஆராய்ச்சி நடக்குது, உங்க அம்மாவ சேக்கலாமா, அவங்களால கையெழுத்து போட முடியாது நீங்கதான் போடணும்னு ஒரு கட்டு பேப்பர நீட்டினாரு. நான் வேணாம்னுட்டேன். வேணாம்னு சொன்னது என் உரிமை, அதுல ஒண்ணும் இல்ல, ஆனா ஒரு வரிகூட புரியாம பயத்துல சொன்னேன் பாருங்க, அதுதான் இன்னிக்கும் உறுத்துது. பொழச்சு வீட்டுக்கு வந்தப்புறம் அம்மாகிட்ட சொன்னேன், "சேத்திருக்கலாமேடா, எனக்கு ஆகலன்னாலும் இன்னொருத்தருக்கு ஆயிருக்குமே"ன்னாங்க. அவங்க மனசு என்னன்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது, கேட்டதே இல்ல.

அப்புறம் நிறைய படிச்சேன், இந்த வேலைல இருக்கறவங்ககிட்ட பேசினேன், நானும் ஒரு ஸ்டடிக்கு ஆரோக்கியமான ஆள் கணக்குல ரத்தம் குடுத்தேன். அத வச்சுதான் இத எழுதறேன்.

முதல்ல செப்சிஸ்னா என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். கிருமி ரத்தத்துல கலந்துடுச்சுன்னு பொதுவா சொல்லுவோம், ஆனா ஆளை சாய்க்கிறதுல பெரிய பங்கு அந்த கிருமிய எதுத்து நம்ம உடம்பே கட்டுப்பாடு இல்லாம காட்டற எதிர்ப்புக்கு இருக்கு, அந்த கலவரத்துல கிட்னி, நுரையீரல், இதயம், மூளைன்னு உறுப்புகள் அடிவாங்குது. 2016ல உலக அளவுல நிபுணர்கள் சேந்து குடுத்த விளக்கமும் இததான் சொல்லுது. 2017ல மட்டும் உலகத்துல கிட்டத்தட்ட 4.89 கோடி பேருக்கு வந்து 1.1 கோடி பேர் இறந்திருக்காங்கன்னு ஒரு கணக்கு இருக்கு, அதாவது அந்த வருஷம் செத்தவங்கள்ல அஞ்சுல ஒருத்தர். இவ்ளோ பெரிய நோய்க்கு, அந்த தாறுமாறான எதிர்ப்ப அடக்கறதுக்குன்னே இதுதான் மருந்துன்னு ஒண்ணு இன்னும் நிலைக்கல. ஆன்டிபயாடிக், சலைன், பிபிய தூக்கற மருந்து, தேவைப்பட்டா வென்டிலேட்டர், டயாலிசிஸ், இதெல்லாம் குடுத்து உடம்பு மீண்டு வர்ற வரைக்கும் தாங்கிப் பிடிக்கிறாங்க. செப்சிஸுக்குன்னே 2001ல அமெரிக்கால அனுமதி வாங்கின ஒரு மருந்து இருந்துச்சு, திரும்ப பெரிசா ஒரு டிரயல் (ஆளுங்கள குரூப்பா பிரிச்சு மருந்த சோதிக்கற ஆராய்ச்சி) வச்சுப் பாத்ததுல பலன் இல்லன்னு தெரிஞ்சு 2011ல அந்த கம்பெனியே வாபஸ் வாங்கிடுச்சு.

சரி, டிரயல் எதுக்கு, டாக்டருக்கு தெரியாதா எது நல்லதுன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன், என் எண்ணத்த மாத்தினது ரெண்டு சம்பவம்.

ஒண்ணு, ஆப்பிரிக்கால உகாண்டா, கென்யா, டான்சானியால நடந்த டிரயல், 2011ல ரிசல்ட் வந்துச்சு. கடுமையான காய்ச்சலோட ரத்த ஓட்டம் கொறஞ்சு வர்ற குழந்தைங்களுக்கு உடனே வேகமா சலைன் ஏத்தணும்ங்கறது அதுவரைக்கும் யாரும் பெரிசா கேள்வி கேக்காத விஷயம். 3141 குழந்தைங்கள வச்சுப் பாத்தாங்க, வேகமா ஏத்தினவங்கள்ல ரெண்டு நாளுக்குள்ள 100க்கு பத்து பதினோரு பேர் இறந்தாங்க, அப்படி ஏத்தாதவங்கள்ல 100க்கு ஏழு பேர். தலைகீழ். கண்காணிப்புக் குழு சொல்லி டிரயல பாதிலயே நிறுத்திட்டாங்க. ஐசியூ வசதி இல்லாத ஆஸ்பத்திரிகள்ல நடந்தது அது, எல்லா ஊருக்கும் எல்லா வயசுக்கும் அப்படியே பொருந்தாது, ஆனா நல்லதுன்னு நம்பி செஞ்ச ஒண்ணு உயிர எடுத்துட்டு இருந்திருக்குன்னு யாருக்கும் தெரியல பாருங்க. அந்த குழந்தைங்களோட அப்பா அம்மா சம்மதிச்சதாலதான் தெரிய வந்துச்சு. இத எழுதும்போதே எனக்கு மனசு கனக்குது.

இன்னொண்ணு வைட்டமின் சி. 2017ல 47 பேருக்கு வைட்டமின் சியோட வேற ரெண்டு மருந்தும் சேத்துக் குடுத்து, அதுக்கு முன்னாடி வந்த 47 பேரோட ஒப்பிட்டுப் பாத்தோம், அதிசயமா பலன் தெரிஞ்சுதுன்னு ஒரு ரிப்போர்ட் வந்துச்சு, உலகம் பூரா ஆசையா பேசினாங்க. 2022ல 870 பேருக்கு மேல சேத்து வைட்டமின் சிய மட்டும் முறையா சோதிச்சப்போ, 28 நாள்ல இறந்தவங்க இல்லன்னா உறுப்பு கோளாறு தீராம இருந்தவங்க வைட்டமின் சி குரூப்ல 44.5 சதவீதம், மருந்தே இல்லாத டம்மி குடுத்த குரூப்ல 38.5 சதவீதம். ஆக புது மருந்து கெடைக்கிற குரூப்ல விழுந்தாதான் அதிர்ஷ்டம்னு நெனச்சிட்டு சேராதீங்க, எந்த குரூப் நல்லதுன்னு தெரிஞ்சிருந்தா டிரயலே நடத்த மாட்டாங்க.

இப்ப எப்படி சேர்றதுன்னு வருவோம். மத்த நோய் மாதிரி இதுக்கு முன்கூட்டியே பேர் குடுத்துட்டு காத்திருக்க முடியாது, ஏன்னா செப்சிஸ் எப்ப யாருக்கு வரும்னு தெரியாது, வந்தா சில மணி நேரத்துல ஆள் நினைவு தப்பிடலாம், பல டிரயல்ல நோய் தெரிஞ்ச முதல் சில மணி நேரத்துக்குள்ள இல்லன்னா ஒரு நாளுக்குள்ள சேத்தாகணும். அதனால நீங்களா உங்க சுயநினைவோட சம்மதம் சொல்ற வாய்ப்பு ரொம்ப கம்மி, உங்களுக்காக உங்க வீட்டாளுங்கதான் ஐசியூ வாசல்ல நின்னு சொல்லுவாங்க. அதான் நான் முதல் வேலையா சொல்றது, இன்னிக்கே வீட்ல பேசுங்க. "எனக்கு சீரியஸா ஆகி ஆராய்ச்சில சேக்கட்டுமான்னு கேட்டா எனக்கு சம்மதம்" இல்லன்னா "எனக்கு வேணாம்" இல்லன்னா "ரத்தம் எடுக்கற வரைக்கும் ஓகே, புது மருந்து வேணாம்", இதுல எதுவா இருந்தாலும் வாய்விட்டு சொல்லி ஒரு பேப்பர்ல எழுதி, தேதி போட்டு கையெழுத்து போட்டு, மெடிக்கல் ரிப்போர்ட் வைக்கிற ஃபைல்லயே வைங்க. அது சட்டப்படி முழு சம்மதம் ஆகாது, ஆனா முடிவெடுக்கற பிள்ளைக்கோ புருஷன் பொண்டாட்டிக்கோ அது எவ்ளோ பெரிய பாரத்த எறக்கும்னு நான் சொல்றேன்.

சில நாடுகள்ல, சில வகை டிரயல்ல, நேரமே இல்லன்னா முதல்ல சேத்துட்டு அப்புறமா சம்மதம் கேக்கறதுக்கும் சட்டத்துல இடம் இருக்கு, ஆராய்ச்சி நியாயமா நடக்குதான்னு பாக்கற எத்திக்ஸ் கமிட்டி முன்னாடியே ஒத்துக்கிட்டிருக்கணும். அப்படி நடந்திருந்தா பதறாதீங்க. பேஷண்ட் தெளிவானதும் அவங்ககிட்ட நேரா திரும்ப கேக்கணும், அவங்க வேணாம்னா அதோட நிறுத்திடணும், அதுவரைக்கும் எடுத்த தகவல என்ன பண்ணுவீங்கன்னும் கேக்கலாம்.

அந்த வாசல்ல நிக்கும்போது என்ன கேக்கறது? தலை சுத்தும், தெரியும், அதனால முதல் கேள்விய மட்டும் மனசுல வச்சுக்கங்க: இது வெறுமனே பாக்கற ஸ்டடியா, இல்ல ஏதாவது குடுக்கற ஸ்டடியா? பாக்கறதுன்னா ரத்த சாம்பிள், கேஸ் ஷீட் தகவல் அவ்ளோதான், எத்தனை மில்லி, எத்தனை தடவைன்னு கேளுங்க, குழந்தையா இருந்தாலோ ஏற்கனவே ரத்தம் கம்மியா இருந்தாலோ இத கண்டிப்பா கேக்கணும். குடுக்கற ஸ்டடின்னா, சேராட்டி என்ன வைத்தியம் நடக்குமோ அது சேந்தாலும் முழுசா நடக்குமான்னு கேளுங்க. பொதுவா ஆன்டிபயாடிக், சலைன், பிபி மருந்து எல்லாம் ரெண்டு குரூப்புக்கும் உண்டு, அதுக்கு மேலதான் புது மருந்தோ டம்மியோ சேக்கறாங்க. பிளாசிபோன்னா, அதாவது அந்த டம்மின்னா, வைத்தியமே பண்ணாம விட்டுடுவாங்கன்னு நெனச்சுதான் நான் பயந்தேன், அது தப்பு. எந்த குரூப்னு கம்ப்யூட்டர் குலுக்கல் மாதிரி எடுத்துக் குடுக்கும், டாக்டரால மாத்த முடியாது, பல டிரயல்ல அவருக்கே எந்த குரூப்னு தெரியாது. அப்புறம் பாதிப்பு வந்தா யாரு பாப்பாங்க, யாரு செலவு ஏத்துப்பாங்கன்னு கேட்டு, அது கன்சன்ட் ஃபார்ம்ல, அதாவது நீங்க கையெழுத்து போடற சம்மதப் படிவத்துல, எந்த பக்கத்துல இருக்குன்னு வெரல் வச்சு காட்டச் சொல்லுங்க. ஃபார்ம் உங்க மொழில இருக்கணும், இல்லன்னா படிச்சு விளக்கற ஆள் வேணும், புரியலன்னா பத்து தடவை கேளுங்க, ஒரு காப்பி கைல வாங்கிக்கங்க. எப்ப வேணா காரணமே சொல்லாம விலகலாம், விலகினா வைத்தியத்துல எந்த குறையும் வெக்கக்கூடாது. இது டாக்டரோட தயவு இல்ல, மனுஷங்கள வச்சு செய்யற ஆராய்ச்சிக்குன்னு 1964லேர்ந்து இருக்கற உலக டாக்டர்கள் சங்கத்தோட ஹெல்சின்கி பிரகடனத்துலயே இருக்கற உரிமை.

இன்னொரு விஷயம் பலரும் குழப்பிக்கறது. டிரயல்ங்கறது உங்க ஆளுக்குன்னு ஸ்பெஷலா செஞ்ச வைத்தியம் கெடையாது. அவங்களுக்கு நல்லது நடக்கலாம், ஒண்ணும் ஆகாம போகலாம், கெடுதலும் வரலாம். இத தெளிவா சொல்லாம "சேருங்க, பொழச்சுப்பாங்க"ன்னு யாராவது சொன்னா அந்த இடத்துலயே சந்தேகப்படுங்க.

செப்சிஸ் வந்து மீண்டவங்களுக்கு தனியா நிறைய வேலை இருக்கு. வீட்டுக்கு வந்தப்புறம் மாசக்கணக்குல அசதி, ஞாபக மறதி, தூக்கத்துல பயம், கை கால் பலம் இல்லாம போறது, முடி கொட்டறது, இதெல்லாம் பலருக்கு வருது, அம்மாவுக்கும் வந்துச்சு, வயசாயிடுச்சுன்னு நாங்களே ஒதுக்கிட்டோம். இத பத்தின ஸ்டடிகள்ல கேள்வித்தாள், மெமரி டெஸ்ட், நடை டெஸ்ட், கொஞ்சம் ரத்தம், பெரும்பாலும் ஆபத்து கம்மி. ஆராய்ச்சிக் குழுவுக்கு ஆலோசனை சொல்ற பேஷண்ட் பிரதிநிதியாவும் சேரலாம், என்னைக் கேட்டா இது ரொம்ப முக்கியமான எடம். டாக்டருங்க 28 நாள்ல உயிரோட இருக்காங்களான்னு எண்ணுவாங்க, திரும்ப வேலைக்குப் போக முடிஞ்சுதா, தானா குளிக்க முடியுதான்னு கேக்கணும்னு மீண்டு வந்தவங்கதான் சொல்லணும்.

ஆரோக்கியமானவங்க சேர்றதுல சுலபமானது என்ன மாதிரி ஒப்பீட்டுக்கு ரத்தம் குடுக்கறது, அரை மணி நேர வேலை. கஷ்டமானது எண்டோடாக்ஸின் ஸ்டடி, ஈ கோலை பாக்டீரியாவோட சுவர்லேர்ந்து சுத்தம் பண்ணி எடுத்த பொருள ரொம்ப ரொம்ப சின்ன அளவுல நரம்புல போட்டு உடம்பு எப்படி எதிர்க்குதுன்னு பாக்கறது. உயிருள்ள கிருமி இல்ல, ஆனா ஒரு மணி நேரத்துல குளிர், காய்ச்சல், தலைவலி, குமட்டல் எல்லாம் வரும், பொதுவா ஆறேழெட்டு மணி நேரத்துல அடங்கிடும், அதுவரைக்கும் மானிட்டர்ல வச்சு பக்கத்துலயே இருப்பாங்க. இதய நோய், அடிக்கடி மயக்கம் போடற பழக்கம், தினம் சாப்பிடற மாத்திரை எதையும் பணத்துக்காக மறைக்காதீங்க, ஆபத்து உங்களுக்குத்தான். மனுஷனுக்கே முதல் தடவையா போடற மருந்துன்னா இன்னும் கவனம். 2006ல லண்டன்ல ஒரு புது மருந்த ஆறு பேருக்கு சில நிமிஷ இடைவெளில வரிசையா போட்டுட்டாங்க, ஆறு பேருக்கும் உறுப்புகள் செயலிழந்து ஐசியூ போய்தான் பொழச்சாங்க. அது செப்சிஸ் மருந்து இல்ல, ஆனா உடம்போட எதிர்ப்பு வெறி புடிச்சா என்ன ஆகும்னு காட்டிடுச்சு. அதனால முதல் ஆளுக்குப் போட்டு எவ்ளோ நேரம் கழிச்சு அடுத்த ஆளுக்குப் போடுவீங்கன்னு கேளுங்க, பதில் மழுப்பலா இருந்தா எழுந்து வந்துடுங்க.

எங்க தேடறது? கிளினிக்கல்டிரயல்ஸ் டாட் கவ்ங்கற அமெரிக்க பதிவேடு, உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடிஆர்பி தேடல் பக்கம், அப்புறம் உங்க நாட்டுக்குன்னு இருக்கற பதிவேடு. செப்சிஸ்னு மட்டும் போடாம செப்டிக் ஷாக் (செப்சிஸ்ல பிபி ரொம்ப எறங்கிடற நிலைமை), பாக்டீரீமியா (ரத்தத்துல பாக்டீரியா), நியோநேட்டல் செப்சிஸ் (பொறந்த குழந்தைக்கு வர்றது)னும் போட்டுப் பாருங்க, இப்ப ஆள் சேக்கறாங்களான்னு நிலவரம் பாருங்க, யாரு சேரலாம் யாரு கூடாதுங்கற பகுதிய முழுசா படிங்க. ஆஸ்பத்திரில யாராவது சேரச் சொல்லிக் கேட்டாலும், அந்த ஸ்டடிக்கு பதிவேட்டுல குடுத்திருக்கற பதிவு நம்பர வாங்கி அங்க போட்டுப் பாத்துடலாம், போன்லயே ரெண்டு நிமிஷ வேலை. நம்பர் இல்லன்னு சொன்னாலோ, டிரயல் மருந்துக்கு நீங்க பணம் கட்டணும்னு சொன்னாலோ கையெழுத்து போடாம எத்திக்ஸ் கமிட்டி ஆபீஸ்ல விசாரிங்க, அந்த போன் நம்பர் ஃபார்ம்லயே இருக்கணும்.

சேந்தாச்சுன்னா கடைசியா ஒண்ணு. டிஸ்சார்ஜ் ஆனதோட முடிஞ்சுடாது, 28வது நாள், 90வது நாள், சில ஸ்டடில ஆறு மாசம் ஒரு வருஷம் கழிச்சுகூட அந்த ஸ்டடிய கவனிச்சுக்கற கோஆர்டினேட்டர் போன் பண்ணுவாங்க. தெரியாத நம்பர்னு கட் பண்ணிடறவங்க நிறைய, பலர் இப்படி காணாம போயிட்டா மத்த எல்லாரும் பட்ட பாட்டோட ரிசல்ட்டும் தெளிவில்லாம போயிடும். அதனால சேர்ற அன்னிக்கே அந்த நம்பர போன்ல சேவ் பண்ணிக்கங்க, வீட்ல இன்னொருத்தர் நம்பரும் அவங்ககிட்ட குடுங்க, ரிசல்ட் வந்தா எங்களுக்கும் சொல்லணும்னு அப்பவே கேட்டு வைங்க.