குழு இருக்கிறது, தண்ணீர் வரவில்லை: மட்டக்களப்பு, அம்பாறை வேளாண்மையைக் காலநிலைக்கு ஏற்ப மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரே மனிதர் மூன்று சங்கங்களுக்குத் தலைவராக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கமக்காரர் அமைப்புக்கு அவர்தான் தலைவர். கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் அவர்தான். அனர்த்தக் குழுவுக்கும் அவர்தான். பிறகு ஒரு நிறுவனம் வந்து, காலநிலை மாற்றத்துக்கென்று இன்னொரு குழு வேண்டும் என்றது. பல்நோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள், நிர்வாகம் தெரிவு செய்தார்கள், படம் எடுத்தார்கள், மதியச் சாப்பாடு கொடுத்தார்கள். தலைவர் யாரென்று நான் சொல்லத் தேவையில்லை. அவர் நல்ல மனிதர், ஊருக்காக ஓடுகிறவர். ஆனாலும் அடுத்த சிறுபோகத்தில், அதாவது குளத்து நீரை நம்பிச் செய்யும் கோடைப் போகத்தில், வாய்க்காலின் கடைசிப் பக்கத்து வயல்கள் கதிர் வெளிவரும் முன்னான குடலைப் பருவத்தில் காய்ந்தபோது, அந்த நான்கில் ஒன்றுகூடக் கூடவில்லை.

ஆளுகை வலையமைப்பு என்று அறிக்கைகளில் எழுதுகிறார்கள். சொல் பெரியது, விஷயம் நமக்குப் பழக்கமானது. குளத்தை எப்போது திறப்பது, எந்த நெல்லை எப்போது விதைப்பது, வெள்ளம் வந்தால் வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்ற முடிவுகளை ஒரு திணைக்களம் தனியாக எடுக்காமல், அவற்றால் நன்மையோ நட்டமோ அடைகிற எல்லோரும் ஒருவரோடொருவர் தொடர்பில் இருந்து எடுப்பது. நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல நிலையம், விவசாயப் போதனாசிரியர், பிரதேச செயலாளர், வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை, வாவி மீனவர், மாடு வைத்திருப்பவர், வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகங்கள் எல்லாம் இதில் வருகிற கைகள்.

இப்போது இது ஏன் இவ்வளவு அவசரம்? நமது மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் பெய்து முடிந்துவிடுகிறது. அந்த நாலு மாதம் பிசகினால் வருடமே பிசகும். 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் இரண்டு தடவை வெள்ளம் வந்து, அறுவடைக்கு நின்ற பெரும்போக (மாரிப் போக) நெல்லை அள்ளிக்கொண்டு போனது. 2016, 2017 இல் நாடு பல பத்தாண்டுகள் காணாத வறட்சி. 2024 நவம்பரில் மறுபடியும் வெள்ளம். இரண்டு முனைகளும் அடுத்தடுத்து வரும்போது, பழைய திகதிகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சமாளிக்க முடியாது.

இருப்பதை விட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுவது

நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். எந்தத் திட்டம் வந்தாலும் முதல் வேலையாக ஒரு குழு அமைப்பது. ஏற்கெனவே நமக்கு ஆரம்பக் கூட்டம் இருக்கிறது. போகம் தொடங்கும் முன் கூடுகிற அந்தக் கூட்டத்துக்கு 1946 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டமே இடம் கொடுக்கிறது. முதல் நீர் திறக்கும் நாள், விதைப்பு முடியும் நாள், எத்தனை மாத நெல், வாய்க்கால் துப்புரவு செய்யும் நாள், மாடுகளை வட்டையிலிருந்து (வயல்வெளியிலிருந்து) அகற்றும் நாள், கடைசி நீர் நிறுத்தும் நாள் எல்லாம் அங்கேதான் தீர்மானமாகின்றன. அந்தத் தீர்மானத்துக்குச் சட்ட வலு உண்டு. கமக்காரர் அமைப்புகளுக்கும் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தில் பதிவு இருக்கிறது.

காலநிலைக்கு ஏற்ப மாற வேண்டும் என்றால் மாற வேண்டியது இந்தத் திகதிகளும் இந்த நெல்லும்தான். அப்படியானால் பருவமழை பற்றிய எதிர்வுகூறல் இந்தக் கூட்டத்தின் மேசைக்கு வர வேண்டும். மேசையில் சென்ற வருடக் குறிப்பை வைத்துத் திகதியை மட்டும் மாற்றி வாசித்துவிட்டு, காலநிலையைப் பற்றி வேறொரு நாள் வேறொரு மண்டபத்தில் பேசினால் இரண்டுக்கும் தொடர்பே வராது. புதிய குழுவுக்குச் செலவழிக்கிற பணத்தில் பாதியை ஆரம்பக் கூட்டத்துக்கு முன்பாக ஒவ்வொரு கண்டத்திலும் (வயல் தொகுதியிலும்) ஒரு சிறு கூட்டம் வைக்கச் செலவழித்தாலே போதும் என்பது என் எண்ணம். பெரிய கூட்டத்தில் பின்வரிசையில் நிற்பவர் வாய் திறக்கமாட்டார், சொந்த வரம்பில் நின்றால் நன்றாகவே பேசுவார்.

வட்டவிதானையை மறப்பதும் இதோடு சேர்ந்த தவறு. எந்த வாய்க்கால் எங்கே உடையும், யார் இரவில் மடை திறப்பார், எந்த வரவைக்கு (வயல் துண்டுக்கு) தண்ணீர் ஏறக் கஷ்டப்படும் என்று அவருக்குத் தெரிந்த அளவு எந்த வரைபடத்துக்கும் தெரியாது. ஆனால் பயிற்சிப் பட்டறைக்குப் பெயர் கேட்டால் செயலாளரின் மகன் போகிறார்.

காணி யார் பெயரில், கூட்டத்தில் யார்

மட்டக்களப்பில் தாய்வழிக் குடிமுறை. பல குடும்பங்களில் வயல் பெண்பிள்ளைக்குச் சீதனமாக எழுதப்படுகிறது. உறுதியில் அவள் பெயர், கூட்டத்தில் அவள் புருஷன். புருஷன் கட்டாரில் இருந்தால் அண்ணன் வருவார், அண்ணன் இல்லையென்றால் யாரும் வருவதில்லை. உரம் வாங்கக் கடன் எடுப்பதும், நகை அடகு வைப்பதும், வெள்ளாமை போனால் பிள்ளைகளின் வகுப்புக் காசை நிறுத்துவதும் அவளாக இருக்கும்போது, எந்த நெல்லை விதைப்பது என்ற பேச்சில் மட்டும் அவள் இல்லை. பெண்களுக்கென்று தனியாக வீட்டுத் தோட்டக் குழு அமைத்துக் கத்தரிக் கன்று கொடுத்துவிட்டால் இந்தக் குறை தீராது. காணிக்காரியாக அவளை ஆரம்பக் கூட்டத்துக்கே அழைக்க வேண்டும், அதுவும் அவளால் வரக்கூடிய நேரத்தில்.

குத்தகைக்குச் செய்பவரின் நிலை இன்னும் மோசம். காணிக்காரர் டவுனில், சேற்றில் நிற்பவர் வேறொருவர். இடாப்பில் பெயர் இல்லாதவருக்கு மானியமும் நட்டஈடும் எட்டுவது கஷ்டம். ஒரு போகத்துக்கு மட்டும் குத்தகை எடுத்தவர் அடுத்த வருடத்து மண்ணைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? அவரைக் கூட்டத்தில் சேர்க்காமல் நீண்டகாலத் திட்டம் போட்டால் திட்டம் தாளில் இருக்கும், வயலில் அவர் தனக்குத் தெரிந்ததைச் செய்வார்.

குளத்தோடு முடிகிறது என்று நினைப்பது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நமது நிர்வாகம் தண்ணீரைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. 80 ஹெக்டேருக்கு மேல் பாய்ச்சும் குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களங்களின் பொறுப்பில், அதிலும் மத்திய அரசின் திணைக்களம் வேறு, மாகாணத் திணைக்களம் வேறு. அதற்குச் சிறியவை கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம். வடக்கே மகாவலி அதிகார சபை. குடிநீருக்கு நீர் வழங்கல் சபை. உன்னிச்சைக் குளத்து நீர் வயலுக்கும் போகிறது, வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையின் குடிநீர்க் குழாய்களுக்கும் போகிறது. வறட்சி வந்தால் இரண்டு தேவைகளும் ஒரே துருசின் (குளத்து மதகின்) முன்னால் வந்து நிற்கும். யாருக்கு எவ்வளவு என்பதை நெருக்கடி வந்த நாளில் பேசினால் அது சண்டையாகத்தான் முடியும். குளம் நிறைந்து வான் பாய்கிற நாளில் பேசி எழுதி வைக்க வேண்டிய விஷயம் அது.

ஆறுகளுக்கு மாவட்ட எல்லை தெரியாது. முந்தனை ஆறு அம்பாறை மாவட்டத்தின் மகா ஓயாப் பக்கத்திலிருந்து இறங்கி மட்டக்களப்புக்குள் வருகிறது. அம்பாறையின் பெரிய குளமான சேனநாயக்க சமுத்திரத்தின் கதவுகள் திறந்தால் கீழே கிட்டங்கிப் பாலத்தால் போகிறவர்களுக்குத் தெரிந்துவிடும். ஆக, மேலே ஒருவர் எடுக்கும் முடிவு கீழே வேறொரு மாவட்டத்தில், வேறொரு மொழி பேசுகிறவரின் வாசலில் போய் நிற்கிறது.

எல்லாத் தண்ணீரும் கடைசியில் சேர்வது வாவியில். வாவியின் வாயை மணல் மூடியிருக்கும்போது பெருமழை வந்தால் தாழ்ந்த வயல்களில் வெள்ளம் தேங்கும். விதைத்து ஒரு மாதம் ஆன பயிர் நாலைந்து நாளுக்கு மேல் மூழ்கிக் கிடந்தால் அழுகிவிடும் என்று விவசாயி முகத்துவாரத்தை வெட்டச் சொல்கிறார். அவசரப்பட்டு வெட்டினால் வாவி நீர் இறங்கி, உப்பு ஏறி, இறாலும் மீனும் போய்விடும் என்று மீனவர் தடுக்கிறார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு மாரியிலும் கடைசி நேரத்தில் அரசாங்க அதிபரின் அலுவலகத்துக்கு ஓடிப்போய், யார் அதிகம் பேரைக் கூட்டி வந்தார்கள் என்று பார்த்து முடிவெடுப்பதில்தான் தவறு இருக்கிறது. வாவியில் ஓர் அளவுகோல் நட்டு, நீர் இந்தக் கோட்டைத் தொட்டால் வெட்டுவோம், அதுவரை வெட்டமாட்டோம் என்று ஆவணியிலேயே இரண்டு தரப்பும் கையெழுத்து வைத்தால் அரைவாசிப் பிணக்கு குறையும். அதற்கு மீனவர் சங்கம் விவசாயக் கூட்டத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலும் இருப்பதில்லை, ஏனென்றால் கடற்றொழில் வேறு அமைச்சு.

செய்தி போனது என்று நினைப்பது

வான்கதவு திறக்கப் போகிறோம் என்ற அறிவித்தல் பொறியியலாளரிடமிருந்து பிரதேச செயலகத்துக்குப் போகும், அங்கிருந்து கிராம உத்தியோகத்தருக்கு, அவரிடமிருந்து ஒரு வாட்சாப் குழுவுக்கு. வயல் வாடியில் (குடிசையில்) காவல் இருக்கும் வயோதிபரிடம் பட்டன் போன்தான் இருக்கிறது, அதிலும் சிக்னல் இல்லை. அப்புறம், அறிவித்தலில் இத்தனை அடி கதவு திறக்கப்படும் என்று இருக்கும். வலையிறவுப் பாலத்தால் போகலாமா, மோட்டரை மேட்டுக்கு ஏற்ற வேண்டுமா, எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்து சேரும் என்பதுதான் அவருக்குத் தேவை.

2024 நவம்பர் வெள்ளத்தில் அம்பாறை மாவட்டத்து மாவடிப்பள்ளியில் மத்ரசாப் பிள்ளைகள் வந்த உழவு இயந்திரம் அள்ளுண்டு போனதை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. எந்த வீதியை எப்போது மூடுவது, மூடச் சொல்லும் அதிகாரம் அந்த இடத்தில் நிற்கும் யாருக்கு உண்டு என்பதையும் நீர் பற்றிய பேச்சோடு சேர்க்காமல் விட முடியாது. மழை தொடங்கு முன்பே பெயர் பெயராகப் பொறுப்பு எழுதியிருக்க வேண்டும்: இந்த வட்டைக்கு இவர் சைக்கிளில் போய்ச் சொல்வார், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இவர், கோயில் ஒலிபெருக்கியில் இவர் என்று.

மேலிருந்து இறக்குவது

2021 இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தியபோது என்ன நடந்தது என்று அம்பாறை விவசாயிக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள், அதற்குள் பெரும்போகம் போய்விட்டது. சேதனப் பசளையை நான் எதிர்க்கவில்லை. வட்டையில் யாரிடமும் கேட்காமல், ஒரு போகம்கூடச் சோதித்துப் பார்க்காமல், நாடு முழுக்க ஒரே நாளில் செய்ததுதான் பிழை.

இதற்கு நேர் எதிரான அனுபவமும் அதே அம்பாறையில் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் கல்லோயா இடதுகரையில் வாய்க்கால்களைத் திருத்தும் திட்டம் நடந்தது. கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இளம் பட்டதாரிகளைக் கிராமங்களில் போய்த் தங்க வைத்தன. அவர்கள் யாப்போடும் பதவிகளோடும் போகவில்லை. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற பத்து இருபது பேரைக் கூட்டி, முதலில் என்ன பிரச்சினை என்று கேட்டார்கள். வாய்க்காலைச் சேர்ந்து வெட்டினார்கள், முறை வைத்துப் பாய்ச்சினார்கள், வேலை நடக்கத் தொடங்கிய பிறகுதான் பேச ஒருவரைத் தெரிவு செய்தார்கள். அப்படிக் கீழிருந்து படிப்படியாக ஏறித் திட்டக் குழு வரை விவசாயிகள் போனார்கள். 1981 சிறுபோகத்தில் சேனநாயக்க சமுத்திரத்தில் நாலில் ஒரு பங்கு தண்ணீர்தான் இருந்தது. அந்த நிலையிலும் மேல்பக்கத்துச் சிங்கள விவசாயிகள் மிச்சம் பிடித்துக் கீழே தமிழ் விவசாயிகளுக்குத் தண்ணீர் விட்டார்கள். அந்த வருடங்களில் நாடு இருந்த நிலையை நினைத்தால் இது சின்ன விஷயமில்லை. அந்தத் தொடர்பை உண்டாக்கியது சேர்ந்து வெட்டிய வாய்க்கால்தான்.

நெல்லை மாற்றச் சொல்வதிலும் இதே கவனம் வேண்டும். மழை பிந்தினால் பிஜி 250 போன்ற இரண்டரை மாத நெல் நல்ல யோசனைதான். ஆனால் மூன்றரை மாத நெல் நிற்கும் கண்டத்தின் நடுவில் ஒருவர் மட்டும் அதை விதைத்தால் முதலில் விளைகிற அவர் வயலில்தான் ஊர்க் குருவியெல்லாம் இறங்கும், வெட்டும் மெசின் உள்ளே போக வழி இருக்காது. ஆகவே கண்டம் முழுவதும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும்.

போகம் முடிந்தபின் கூடாமல் இருப்பது

எல்லாக் கூட்டமும் போகத்துக்கு முன்னால்தான். வெட்டு முடிந்தபின் யாரும் கூடுவதில்லை. எந்த நாள் விதைத்த வயல் தப்பியது, எந்த வரவை எத்தனை நாள் தண்ணீரில் கிடந்தது, துருசு சொன்ன நாளில் திறந்ததா, எந்த மடையில் சண்டை வந்தது என்பதெல்லாம் பேச்சோடு போய்விடுகின்றன. திணைக்கள அதிகாரி மூன்று வருடத்தில் இடமாற்றம் பெற்றுப் போகிறார், திட்டம் ஐந்து வருடத்தில் முடிகிறது, புதிதாக வருபவர் முதலிலிருந்து கேட்கிறார்.

பெரிய கணினி ஒன்றும் தேவையில்லை. நூற்றிருபது பக்கக் கொப்பி ஒன்றை வட்டைக்கு ஒன்றாக வைத்து, பங்குனியில் ஒரு பின்னேரம் கூடி, வட்டவிதானை சொல்லச் சொல்ல ஏஎல் படிக்கும் பிள்ளை ஒன்று எழுதட்டும். திகதியோடு எழுதட்டும். அடுத்த ஆரம்பக் கூட்டத்தில் பொறியியலாளர் தன் கோப்பைத் திறக்கும்போது இந்தக் கொப்பியையும் பக்கத்தில் திறந்து வைக்கலாம்.