கேட்டில் தொங்கிய பாஸ்வேர்டு

ராத்திரி எட்டு மணியானால் வீட்டில் வைஃபை படுத்துவிடும். கம்பெனிக்காரர்களிடம் கேட்டால், "லைன் நல்லாத்தான் இருக்கு சார்" என்ற ஒரே பதில். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரவுசரில் 192.168.1.1 என்ற ரவுட்டர் முகவரியை அடித்து அதன் செட்டிங்ஸுக்குள் நுழைந்தேன். யூசர்நேம் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். வாங்கியதிலிருந்து மாற்றவே இல்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இணைந்திருந்த கருவிகள் ஒன்பது. எங்கள் வீட்டில் இருப்பதோ ஆறு. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். கடைசியில் மூன்று அசையாமல் நின்றன.

வைஃபை பாஸ்வேர்டு என் செல் நம்பர். 'மாடி வாடகைக்கு' என்று கேட்டில் தொங்கவிட்ட அட்டையிலும் அதே நம்பர்! ரேடியோ அலை சுவரோடு நிற்காது, அதிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை தெருவரை போகும். தகவலைச் சங்கேதமாக்கும் என்கிரிப்ஷன்தான் பூட்டு, சாவியை நானே வாசலில் மாட்டியிருக்கிறேன்.

சரி என்று இரண்டு பாஸ்வேர்டுகளையும் மாற்றினேன். வைஃபைக்கு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினேன். என்கிரிப்ஷனிலும் பழைய டிகேஐபி முறையை விட்டு, அதைவிடப் பலமான டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் வைத்தேன். அதற்கும் புதிய டபிள்யூபிஏ3 என் ரவுட்டரில் இல்லை. அப்புறம் டபிள்யூபிஎஸ், அதாவது பாஸ்வேர்டு அடிக்காமலே கருவிகளை இணைக்கும் வசதி. அதன் எட்டு இலக்க பின் நம்பரை ரவுட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் பிடித்துவிடலாம். 2011-லேயே வெளியான ஓட்டை. அதையும் அணைத்தேன்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டுப் பையன் வந்தான். "அங்கிள், உங்க வீட்டு நெட் வேலை செய்யலையா?"