லாச்சியில் தூங்கும் நோக்கியா என்95: எழுப்புவது, காலி செய்வது, வேலை வாங்குவது

மலேசியாவின் சிலாங்கூரில், பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் பல வீடுகளில் அலமாரி லாச்சியை இழுத்தால், பழைய சாவிக்கொத்துக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் அடியில் ஒரு நோக்கியா என்95 கிடக்கும். (ஊரின் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறி வெகுநாளாகிறது. பேச்சில் இன்னும் பழைய பெயர்தான்.) 2006 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டு 2007 மார்ச்சில் கடைக்கு வந்த போன் இது. திரையை மேலே தள்ளினால் எண் பொத்தான்கள், கீழே தள்ளினால் பாட்டுப் பொத்தான்கள். 5 மெகாபிக்சல் கேமரா, ஜிபிஎஸ், வைஃபை, 3ஜி, ரேடியோ, டிவியில் படம் காட்டும் வசதி என்று அன்றைக்கு இருந்த எல்லாவற்றையும் 120 கிராமுக்குள் அடைத்துவிட்டார்கள்.

புகழ்கிறவர்கள் கேமராவையும் ஸ்பீக்கரையும் சொல்வார்கள். திட்டுகிறவர்கள் "சாயங்காலத்துக்குள்ள பேட்டரி செத்துடும், திடீர்னு மெமரி ஃபுல்னு நிக்கும்" என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரி, காரணமும் ஒன்றுதான். அத்தனை வசதிக்கும் தீனி போட இருந்தது 950 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியும் 64 எம்பி ரேமும் (செயலிகள் ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்). ஆகவே ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் கொடுத்தால் இந்தப் போன் இன்றைக்கும் ஒழுங்காக ஓடும்.

முதலில் பேட்டரி, பிறகுதான் மற்றது

பல ஆண்டு கிடந்த போனை உடனே சார்ஜரில் சொருகாதீர்கள். பின்மூடியைக் கழற்றிப் பேட்டரியை எடுத்துச் சமமான மேசையில் வைத்து விரலால் சுற்றிவிடுங்கள். பம்பரம் போலச் சுற்றினால் நடுவில் உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதை அழுத்தக்கூடாது, குத்தக்கூடாது, வீட்டுக் குப்பையிலும் போடக்கூடாது. பழைய பேட்டரி வாங்கிக்கொள்ளும் கைப்பேசிக் கடையில் கொடுத்துவிடுங்கள். உப்பவில்லை என்றால் மல்ட்டிமீட்டரில் பிளஸ், மைனஸ் தகடுகளைத் தொட்டுப் பாருங்கள். 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நம்பிக்கை உண்டு. 2.5-க்குக் கீழே போயிருந்தால் அதை மீட்க மெனக்கெடாமல் புதியது வாங்குவதே மேல்.

வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்குங்கள். சாதாரண என்95-க்கு பிஎல்-5எஃப். அதே 2007-இல் பின்னால் வந்த கறுப்பு நிற என்95 8ஜிபி மாடலுக்கு பிஎல்-6எஃப், 1200 மில்லி ஆம்பியர்-மணி. ஒன்றுக்கு வாங்கியதை இன்னொன்றில் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். அதோடு, பிஎல்-5எஃப் என்று எழுதி 1500, 2000 என்று அச்சடித்து விற்பவை பொய். அந்த அளவு பெட்டிக்குள் அவ்வளவு மின்சாரம் அடங்காது.

அடுத்து சார்ஜர். இங்கேதான் இளவட்டங்கள் ஏமாறுவார்கள். போனின் மினி யுஎஸ்பி துளை தகவல் மாற்ற மட்டும்தான், அதில் சார்ஜ் ஏறாது. இரவெல்லாம் கணினியில் சொருகி வைத்துவிட்டுக் காலையில் "போன் செத்துப்போச்சு" என்று முடிவு கட்டுவது இதனால்தான். வேண்டியது 2 மில்லிமீட்டர் சன்ன ஊசி நோக்கியா சார்ஜர். வீட்டில் இருப்பது அதற்கும் முந்தைய 3.5 மில்லிமீட்டர் தடித்த ஊசி என்றால், சிஏ-44 என்ற சின்ன மாற்றி இடையில் வேண்டும். வற்றிய பேட்டரியில் முதல் சில நிமிடம் திரையில் ஒன்றும் தெரியாது. அரை மணி நேரம் பொறுங்கள். பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தால் ஏறிய கொஞ்சமும் இறங்கிவிடும்.

சார்ஜ் ஏறாவிட்டால் தகடுகளைப் பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பச்சைப் பூச்சு படர்ந்திருக்கும். 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சில் தொட்டுத் துடைத்துப் பத்து நிமிடம் உலரவிடுங்கள். வாசனைத் திரவியம், தின்னர் இரண்டும் வேண்டாம். பிளாஸ்டிக்கை அரித்துவிடும்.

உள்ளே இருப்பதைப் பத்திரமாக வெளியே எடுப்பது

போன் உயிர்பெற்றதும் ரீசெட் செய்ய, அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கத் தோன்றும். செய்யாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: முதலில் நகல், கடைசியில்தான் ரீசெட். மெமரி கார்டுக்குக் கடவுச்சொல் போட்டிருந்தால் அந்தச் சொல் போனுக்குள்ளேயே பதிந்திருக்கும். அதனால்தான் அதே போனில் கார்டு கேட்காமல் திறக்கிறது, வேறு கருவியில் திறக்க மறுக்கிறது. போனை ரீசெட் செய்துவிட்டால் கார்டும் போனது. ஆகவே டூல்ஸ், மெமரி என்று போய், கடவுச்சொல் இருந்தால் முதலில் அதை நீக்குங்கள்.

போன் பூட்டு எண் கேட்டால் 12345 போட்டுப் பாருங்கள். கடையிலிருந்து வந்தபோது இருந்த எண் அதுதான், முக்கால்வாசிப் பேர் மாற்றியிருக்க மாட்டார்கள். அது சரியில்லை என்றால் கண்டபடி ஊகித்துப் போடாமல் வீட்டில் கேளுங்கள். கொஞ்ச முறை தவறினால் போன் பூட்டிக்கொள்ளும்.

படங்கள் இரண்டு இடத்தில் இருக்கும்: போனின் சொந்த நினைவகம் (சி டிரைவ்), மெமரி கார்டு (இ டிரைவ்). மினி யுஎஸ்பி கம்பியைச் சொருகி 'மாஸ் ஸ்டோரேஜ்' தேர்ந்தெடுத்தால் கணினியில் தெரிவது கார்டு மட்டும். பலர் அதை நகலெடுத்துவிட்டு "எல்லாம் வந்துடுச்சு" என்று போனை விற்றுவிடுகிறார்கள். சி டிரைவில் இருந்த 160 எம்பியோடு கோவில் திருவிழாவோ பாட்டியின் குரலோ போய்விடுகிறது. கம்பியைச் சொருகும் முன் டூல்ஸில் உள்ள ஃபைல் மேனேஜரைத் திறங்கள். போன் நினைவகத்தில் இமேஜஸ், வீடியோஸ், சவுண்ட்ஸ் என்ற கோப்புறைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஆப்ஷன்ஸ் போய் 'மார்க் ஆல்', பிறகு மெமரி கார்டுக்கு 'காப்பி'. 'மூவ்' வேண்டாம். நடுவில் பேட்டரி போனால் இரண்டிடத்திலும் இல்லாமல் போகலாம்.

கோப்பின் பெயர் ஒரு நாட்குறிப்பு மாதிரி. 03082007001 என்றால் 2007 ஆகஸ்ட் 3-ஆம் தேதி எடுத்த முதல் படம். ஆனால் பேட்டரியைக் கழற்றி மாட்டியவுடன் தேதியைச் சரி செய்யாமல் படம் எடுத்திருந்தால் அந்தப் பெயர் பொய் சொல்லும். இனி எடுக்கப்போகிற படங்களுக்காகவும் முதல் வேலையாகத் தேதியைச் சரி செய்துகொள்ளுங்கள்.

தொடர்பு எண்களுக்கு கான்டாக்ட்ஸில் எல்லாவற்றையும் குறித்து மெமரி கார்டுக்கு நகலெடுத்தால், கார்டின் 'அதர்ஸ்' கோப்புறைக்குள் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விகார்டு கோப்பு உண்டாகும். அதை இன்றைய எந்தக் கைப்பேசியும் படிக்கும். குரல் பதிவுகள் ஏஎம்ஆர் வடிவில் இருந்தால் கணினியில் விஎல்சி திறக்கும். குறுஞ்செய்திகள்தான் தலைவலி. கார்டுக்கு மாற்றலாம், ஆனால் அந்த வடிவம் வேறெதற்கும் புரியாது. முக்கியமான பத்து இருபது செய்திகளை இன்னொரு போனால் திரையைப் படம் பிடித்து வைப்பதே சுருக்கமான வழி.

எல்லாம் எடுத்து, கணினியில் திறந்தும் பார்த்த பிறகு *#7370# அடித்துப் பூட்டு எண்ணைக் கொடுத்தால் போன் புதிதாகும். அமைப்புகளை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர *#7780#. போனைப் போட்டதும் நோக்கியாவின் கைகோர்க்கும் படத்திலேயே நின்றுவிட்டால், பச்சைப் பொத்தான், நட்சத்திரப் பொத்தான், 3 மூன்றையும் அழுத்திப் பிடித்தபடியே பவரை அழுத்துங்கள். எழுத்து தோன்றும் வரை விரல் நழுவக்கூடாது. பேட்டரி பாதிக்கு மேல் இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள்.

லைன், வைஃபை

மலேசியாவில் 3ஜி சேவை 2021 கடைசிக்குள் மூடப்பட்டது. இந்தப் போனுக்கு 4ஜி தெரியாது. மிஞ்சியது 2ஜி, அதில் பேசலாம், எஸ்எம்எஸ் அனுப்பலாம். செட்டிங்ஸ், போன், நெட்வொர்க் என்று போய் நெட்வொர்க் மோடை 'ஜிஎஸ்எம்' என்று மாற்றுங்கள். 'டூயல்' என்று விட்டால் இல்லாத 3ஜியைத் தேடித் தேடியே பேட்டரி வற்றும். செம்பனைத் தோட்டத்துக்குள் சிக்னல் ஒரே கோட்டில் ஆடும் இடங்களில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். இன்றைய நானோ சிம்முக்குப் பெரிய அளவு அடாப்டர் வேண்டும். சிம்மை அடாப்டரில் வைத்துப் பின்பக்கம் மெல்லிய டேப் ஒட்டியே நுழையுங்கள். வெற்று அடாப்டரைத் தள்ளி இழுத்தால் அதன் விளிம்பு போனின் சிம் ஊசிகளைக் கொக்கிபோட்டுப் பிடுங்கிவிடும்.

வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும். வீட்டு ரவுட்டரில் டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறை மட்டும் என்று வைத்திருந்தால் இணையாது. இணைந்தாலும் பெரிய பயனில்லை. இன்றைய தளங்களின் பாதுகாப்பு முறை இந்த உலாவிக்குப் புரியாததால் பெரும்பாலான பக்கங்கள் திறக்காது. வாட்ஸ்அப்பும் இந்த வகைப் போன்களை 2017 ஜூன் 30-உடன் கைவிட்டது. வைஃபையை அணைத்து வையுங்கள்.

'மெமரி ஃபுல்' என்று நின்றால்

இது கார்டு நிறைந்ததைச் சொல்வதில்லை, ரேம் தீர்ந்ததைச் சொல்கிறது. மெனு பொத்தானைத் தட்டி வெளியே வந்தால் செயலி மறைகிறதே தவிர மூடுவதில்லை. அதே பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஓடிக்கொண்டிருப்பவை வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் நின்று சி பொத்தானைத் தட்டினால் மூடும். கேமரா திறக்கும் முன் இதைச் செய்தால் பாதித் தொல்லை தீரும்.

மீதிப் பாதிக்கு *#0000# அடித்து மென்பொருள் பதிப்பைப் பாருங்கள். 20.0.015-உம் அதற்குப் பிந்தியவையும் நிரலை மொத்தமாக ரேமில் ஏற்றாமல் தேவைப்படும் பகுதியை மட்டும் ஏற்றும். அதற்கு முந்தியவை முழுதாக ஏற்றும். இரண்டு என்95-ஐ அருகருகே வைத்து ஒன்று வேகம், மற்றது நத்தை என்றால் வித்தியாசம் இங்கேதான் இருக்கும். கைமாறி வாங்குவதாக இருந்தால் கடையிலேயே இந்த எண்ணை அடித்துப் பாருங்கள்.

செயலி நிறுவும்போது சான்றிதழ் காலாவதி என்று சொன்னால், போனின் தேதியை அந்தக் கோப்பு வெளிவந்த ஆண்டுக்குப் பின்னோக்கி வைத்து நிறுவி, பிறகு சரியான தேதிக்கு மாற்றுங்கள். ஆப் மேனேஜர் செட்டிங்ஸில் ஆன்லைன் சான்றிதழ் சோதனையும் 'ஆஃப்' ஆக இருக்கட்டும்.

கேமராவும் பாட்டும்

கார்ல் சைஸ் லென்ஸ், தானே குவியம் பிடிக்கும் கேமரா. பகல் வெளிச்சத்தில் இன்றைக்கும் முகம் சுளிக்க வைக்காது. பொத்தானைப் பாதி அழுத்தி, சட்டம் பச்சையானதும் முழுதாக அழுத்துங்கள். ஒரே அழுத்தாக அழுத்திவிட்டுக் கையை எடுப்பதால்தான் படம் கலங்குகிறது. எல்இடி ஒளி இரண்டு மூன்று அடிக்குமேல் உதவாது. இரவில் தேர்க் கூட்டத்தை எடுக்க இதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வீடியோ 640-க்கு 480, நொடிக்கு 30 சட்டம். எடுக்கும் முன் வீடியோ நீளம் 'ஷார்ட்' என்று இருக்கிறதா பாருங்கள். எம்எம்எஸ் அளவோடு வெட்டிக்கொள்ளும், 'மேக்சிமம்' என்று மாற்ற வேண்டும்.

பாட்டுக்கு இது இன்னும் நல்ல பெட்டி. 3.5 மில்லிமீட்டர் துளை இருப்பதால் எந்த இயர்போனும் சேரும். ரேடியோவுக்கு அந்த இயர்போன் கம்பிதான் ஏரியல், சொருகாமல் மின்னல் பண்பலை கேட்காது. கார்டில் பாட்டுப் போட்டதும் மியூசிக் பிளேயரில் 'ரிஃப்ரெஷ்' கொடுக்காவிட்டால் புதுப் பாட்டு தெரியாது. பாட்டின் பெயர் தமிழில் இருந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். இங்கே விற்ற போன்களில் தமிழ் எழுத்துரு இல்லை. கணினியிலேயே கோப்புக்குள் இருக்கும் தலைப்பையும் ஆங்கில எழுத்தில் மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

அதே துளையில் டிவி கம்பியும் போகும். செட்டிங்ஸில் டிவி அவுட்டை 'பால்' (PAL) என்று வையுங்கள். விலை மலிந்த கம்பியில் படம் வராமல் இரைச்சல் மட்டும் வந்தால் கம்பி கெட்டதாக நினைக்க வேண்டாம். உள்ளே வரிசை மாறியிருக்கும். சிவப்பு முனையை மஞ்சள் துளையில் சொருகிப் பாருங்கள்.

ஜிபிஎஸ்-ஐப் பற்றிச் சுருக்கமாக: ஏரியல் எண் பொத்தான்களுக்கு அடியில் இருக்கிறது. திரையை மேலே தள்ளி, பொத்தான்கள் வானத்தைப் பார்க்க, கையால் மூடாமல் வெட்டவெளியில் பிடித்து நில்லுங்கள். முதல் முறை பல நிமிடம் ஆகும். செம்பனை ஓலைக்கு அடியில் நின்று காத்திருப்பது வீண். இணையம் இல்லாததால் பொசிஷனிங் அமைப்பில் 'அசிஸ்டட்' முறையை அணைத்துவிட்டு, 'இன்டகிரேட்டட்' மட்டும் வையுங்கள்.

தள்ளுமூடி ஆடினால் பயப்பட வேண்டாம். இந்த மாடலில் புதிதிலிருந்தே கொஞ்சம் ஆடும். தள்ளும்போது திரை வெளுத்தாலோ அணைந்தாலோதான் உள்ளே நாடாக் கம்பி கிழிந்திருக்கிறது. அப்படியானால் திரை தெரிகிற நிலையிலேயே வைத்துப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு கடைக்குக் கொடுங்கள். பழுது பார்ப்பவர் நாடாவை மாற்றும்போது திரை போய்விட்டாலும் இழப்பு இருக்காது.

திரும்ப வைக்கும்போது பேட்டரியைப் பாதி சார்ஜில் கழற்றி, போனையும் பேட்டரியையும் தனித்தனியே துணியில் சுற்றி, மூடி இறுக்கமாக உள்ள பழைய மைலோ டின்னில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கள். அரிசி வேண்டாம், மாவுத் தூசி சார்ஜர் துளையில் இறங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பேட்டரியை மேசையில் சுற்றிப் பாருங்கள்.