உங்கள் வக்கீல் தேர்தலில் நிற்கிறேன் என்றால்

தாலுகா நீதிமன்றத்தில் 31 ஆண்டுகளாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். 2016 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் வக்கீலய்யா சுயேச்சையாக நின்றார். சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி 1917-இல் அந்த ஊர் நகராட்சித் தலைவரான கதையைச் சொல்லித்தான் என் வாயை அடைத்தார். உங்கள் வக்கீலுக்கும் அந்த ஆசை வந்தால், மேடை அவருடையது, காகிதக் கட்டு உங்களுடையது.

முதலில் வாக்காளர் பட்டியல். அவர் பெயர் வேறு தொகுதியில் இருந்தால் சான்றிட்ட நகல் வாங்கி வையுங்கள். சுயேச்சையைப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். பத்துப் பேரும் போட்டியிடும் தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். பாகம் எண், வரிசை எண்ணை வாய்வார்த்தையாகக் கேட்டு எழுதாதீர்கள்.

படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில்தான் வக்கீல்கள் சறுக்குவார்கள். ஊருக்கெல்லாம் அஃபிடவிட் எழுதியவர், தம்முடையது என்றால் கட்டங்களை வெறுமையாக விட்டுவிடுவார். இல்லாததற்கு ‘இல்லை’ என்றே எழுத வேண்டும். மறியல் வழக்கு முதல் மனைவியின் நகை வரை எல்லாம் அதில் வரும். நகை எத்தனை பவுன் என்று அம்மாவிடம் கேட்க அய்யா என்னைத்தான் அனுப்பினார்.

டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்குப் பாதி. வேட்புமனு வாங்குவது காலை 11 முதல் பிற்பகல் 3 வரை. கொடுத்த கையோடு உறுதிமொழியையும் எடுக்க வையுங்கள். பரிசீலனை நாள்வரை தள்ளினால் மனு போய்விடும்.

நான் கோட்டைவிட்டது கைநாட்டில். அய்யா வண்டிப்பாதை வழக்கில் ஜெயித்துக் கொடுத்த பாட்டி ஒருவர், முன்மொழிபவர்களில் தம் பெயரையும் போடச் சொன்னார். முந்தின இரவே அவர் வீட்டுத் திண்ணையில் ரேகை வாங்கிவிட்டேன். கையெழுத்தை எங்கும் வாங்கலாம். கைநாட்டை உரிய அதிகாரியின் கண்முன் வைத்து, அவர் சான்றளிக்க வேண்டும். அது தெரிந்தபோது கடைசி நாள், மணி 2.10. ஆட்டோவில் ஓடினேன். பாட்டி புளி தட்டிக்கொண்டிருந்தார். அப்படியே ஏற்றிவந்தேன். பிசுபிசுத்த கட்டைவிரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து இரண்டு முறை வைத்தும் ரேகை தெளியவில்லை. மூன்றாவது முறை விழுந்தது. மணி 2.48.

ஆறில் ஒரு பங்கு வாக்குகூட வரவில்லை; டெபாசிட் போயிற்று. தோற்றாலும் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்குக் கொடுத்தாக வேண்டும். தவறினால் தேர்தல் ஆணையம் மூன்று ஆண்டு தகுதிநீக்கம் செய்யலாம். பாட்டியை ஏற்றிவந்த ஆட்டோ வாடகையையும் அதில் எழுதினேன்.