கடற்கரைக்குக் கிளம்பும் முன் குழந்தையின் கையில் செல் நம்பர்

மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கோ, விடுமுறை மாலையில் புதுச்சேரி காந்தி சிலைப் பக்கமோ கிளம்பும்போது, குழந்தையின் முன்கை உட்புறத்தில் உங்கள் செல் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுங்கள். அப்படியே ஒரு போட்டோவும் எடுங்கள். தொலைந்து அழுகிற பிள்ளைக்குத் தெரிந்த நம்பர்கூட வாயில் வராது, அம்மா பெயரைக் கேட்டால் ‘அம்மா’ என்றுதான் சொல்லும். உதவ நினைக்கும் சுண்டல்காரரோ பக்கத்துக் குடும்பமோ உடனே கூப்பிட அந்த நம்பர் போதும். போட்டோ இருந்தால் என்ன நிறச் சட்டை என்று தடுமாற வேண்டாம். குழந்தையின் பெயரை எழுதவே வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடும் யாரையும் சின்னப் பிள்ளைகள் நம்பிவிடும்.

தண்ணீரில் இறங்கினால் பேனா மை நிற்காது, சட்டையின் உள்மடிப்பில் மார்க்கரால் எழுதலாம். உங்கள் போன் சைலண்டில் இருந்தால் எதுவுமே பயன்படாது. தனியாக நிற்கும் குழந்தையைப் பார்த்து, கையில் நம்பர் இல்லாவிட்டால், குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள்.