மூச்சோடு நகரும் கல்லீரல்: குவி அல்ட்ராசவுண்ட் சிகிச்சைக்கு ஆயத்தமாவது எப்படி?

கல்லீரல் கட்டிக்குக் குவி அல்ட்ராசவுண்ட் சிகிச்சை (ஒலி அலைகளை ஓரிடத்தில் குவித்து, அங்கு எழும் வெப்பத்தால் கட்டியை அழிப்பது) பெற மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பெருநகர மருத்துவமனைக்குச் செல்லவிருப்பவரும் அவருக்குத் துணை செல்பவரும், மூச்சு ஏன் இத்தனை முக்கியம் என்பதை முதலில் அறிந்திருப்பது நல்லது. அமைதியாக மூச்சு விடும்போதே உதரவிதானம் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) கல்லீரலை ஏறத்தாழ 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை மேலும் கீழுமாக நகர்த்துகிறது. ஒலி அலைகள் குவியும் இடமோ சில மில்லிமீட்டர் அகலமே உடையது என்பதால், அசைவை ஈடுசெய்யாவிட்டால் வெப்பம் கட்டியை விட்டு விலகி நல்ல திசுவில் இறங்கக்கூடும்.

இந்த அசைவை ஈடுசெய்ய மூன்று வழிகள் உண்டு. மூச்சை நிறுத்திய இடைவெளியில் மட்டும் அலையைச் செலுத்தலாம். மூச்சுச் சுழற்சியின் ஒரே கட்டத்தில் மட்டும் கருவி இயங்கச் செய்யலாம். அல்லது படத்தில் உறுப்பைப் பின்தொடர்ந்து அலை குவியும் இடத்தையே நகர்த்தலாம். கடைசி வழி நுட்பமானதுதான், எனினும் விலா எலும்புகள் அலையை மறிப்பதால் அதுவும் எளிதன்று. பொது மயக்கத்தில் செயற்கைச் சுவாசக் கருவியைக் கொண்டு மூச்சை நிறுத்தும் முறையானால் வீட்டுப் பயிற்சி தேவைப்படாது. ஆகவே எந்த முறை என்று முன்கூட்டியே கேளுங்கள்.

பயிற்சி தேவையெனில், மருத்துவரின் அனுமதியுடன், மல்லாந்து படுத்து, இயல்பாக மூச்சை வெளிவிட்ட பின் சில விநாடிகள் நிறுத்திப் பழகுங்கள். ஆழமாக உள்ளிழுத்து அடக்குவதைவிட, மூச்சு வெளியேறிய நிலையில்தான் கல்லீரல் பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்புகிறது. நெடுநேரம் அடக்கிக் காட்டுவதில் பயனில்லை; ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் நிறுத்துவதே வேண்டும். தலைசுற்றினால் உடனே நிறுத்திவிடுங்கள். புகைமூட்டக் காலத்தில் இருமல் இருந்தால் அதை மறைக்காமல் சிகிச்சைக் குழுவிடம் தெரிவியுங்கள், ஏனெனில் ஓர் இருமலே, சிகிச்சையின்போது எம்ஆர்ஐ படக்கருவி காட்டும் திசுவின் வெப்ப அளவீட்டைக் குலைத்துவிடக்கூடும்.